டிசெம்பருக்கு முன்னரே முடிவாகும் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

உள்ளூராட்சி மன்றங்கள் தமது பிரதேசத்தின் எதிர்காலத்துக்கு எவ்வாறு திட்டமிடுகின்றன, அதற்கான பணத்தை எங்கிருந்து பெறுகின்றன என்பது குறித்து மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் தரப்படுகிறது. ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்கள் ஒன்றாக்கப்பட்டுள்ளன. கேட்டவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

மாநகர சபையின் வரவு செலவுத் திட்டம் நிறைவேறியது என்று ஒவ்வொரு டிசெம்பரிலும் செய்தி பார்க்கிறோம். எங்கள் வீதியும் அதில் இடம்பெற வேண்டுமானால் யாரிடம், எப்போது சொல்ல வேண்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லடி

நம் நாட்டு உள்ளூராட்சி மன்றங்களின் நிதியாண்டு ஜனவரி 1ஆம் திகதி தொடங்கி டிசெம்பர் 31ஆம் திகதி முடிகிறது. ஆகவே அடுத்த ஆண்டுக்கான திட்டம் இந்த ஆண்டு முடிவதற்குள் சபையில் நிறைவேறியாக வேண்டும். தாங்கள் டிசெம்பரில் பார்க்கும் செய்தி அந்த நிறைவேற்றத்தைப் பற்றியது. மாநகர முதல்வர் உரையாற்றுவதும், உறுப்பினர்கள் ஆதரித்தும் எதிர்த்தும் பேசுவதும், வாக்கெடுப்பு நடப்பதும் அன்றைய தினம்தான் என்றாலும், எந்த வேலைக்கு எவ்வளவு என்ற தொகைகள் அதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே பெரும்பாலும் உருப்பெற்றுவிடும். பொறியியல், சுகாதாரம், நூலகம், வருமானம் என்று ஒவ்வொரு பகுதியும் தனது தேவையை எழுதிக் கணக்காளரிடம் கொடுக்கிறது. ஆணையாளரும் கணக்காளரும் எதிர்பார்க்கும் வருமானத்தோடு அதனை ஒப்பிட்டுக் குறைக்கிறார்கள். பின்னர் அது நிதிக்குழுவுக்குச் செல்கிறது. வரைபு பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படுகிறது. கடைசியாகச் சபைக்கு வருகிறது. கடைசிக் கட்டத்தில் ஒரு வீதியைப் புதிதாகச் சேர்க்க வேண்டுமானால் ஏற்கெனவே உள்ள வேறொன்றை நீக்க வேண்டும், அதற்கு எந்த உறுப்பினரும் எளிதில் உடன்படமாட்டார்.

ஆகவே ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களுக்குள் கோரிக்கை எழுத்தில் போய்ச் சேர்வது நல்லது. வட்டார உறுப்பினரிடம் வாயால் சொல்வதோடு நின்றுவிடாமல், ஆணையாளருக்கு முகவரியிட்ட கடிதமாகக் கொடுத்து, கிடைத்த திகதி முத்திரையுடன் ஒரு பிரதியைத் தாங்கள் வைத்துக்கொள்ளுங்கள். தனியொருவர் எழுதுவதைவிட அப்பகுதிச் சனசமூக நிலையத்தின் பெயரில் எழுதினால் அது பலரின் தேவை என்பது முதல் பார்வையிலேயே தெரியும். கடிதத்தில் வீதியின் பெயர், தொடங்கும் இடமும் முடியும் இடமும், ஏறத்தாழ நீளம், அங்குள்ள வீடுகளின் எண்ணிக்கை, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பன இருந்தால் பொறியியல் பகுதியினர் மதிப்பீடு தயாரிக்க வழியுண்டு. வீதியின் பெயரைக்கூடக் குறிப்பிடாமல், "எமது வீதியைச் செப்பனிட்டுத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று மட்டும் எழுதப்படும் மனுக்கள் எத்தனை கையொப்பங்களைத் தாங்கி வந்தாலும் கோப்பில்தான் தங்கும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மண்முனை வடக்குப் பிரதேச செயலகமும் மட்டக்களப்பு மாநகர சபையும் ஒரே நகரத்தில் இயங்கினாலும் ஒன்றல்ல. முன்னையது மத்திய அரசின் நிர்வாக அலகு. பின்னையது மக்கள் தெரிவு செய்யும் மன்றம். இரண்டுக்கும் தனித்தனி நிதி, தனித்தனிப் பட்டியல். பிரதேச செயலகத்தின் கீழுள்ள கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்த விண்ணப்பம் தானாகவே மாநகர சபைக்குப் போய்ச் சேரும் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பவர்கள் பலர்.

சோலை வரியை ஆண்டுதோறும் ஒழுங்காகச் செலுத்துகிறேன். அந்தப் பணத்தைக் கொண்டு நகரத்தை நடத்த முடியாதா? ஒவ்வொரு பெரிய வேலைக்கும் வெளியார் நிதியை ஏன் எதிர்பார்க்க வேண்டும்?
– வர்த்தகர், புளியந்தீவு

தங்களைப் போல் எல்லோரும் செலுத்தினாலும்கூட அது மட்டும் போதாது என்பதே உண்மை. எனினும் சேராமல் நிற்கும் வரி சேர்ந்தால் நிலைமை கணிசமாக மாறும் என்பதும் உண்மை.

முதலில் சோலை வரி, அதாவது வீடு, கடை போன்ற ஆதனங்களுக்கான வரி, எவ்வாறு கணிக்கப்படுகிறது என்று பார்ப்போம். ஒரு வீட்டையோ கடையையோ ஓர் ஆண்டுக்கு வாடகைக்கு விட்டால் எவ்வளவு கிடைக்கும் என்பதை அடிப்படையாகக் கொண்டு விலைமதிப்புத் திணைக்களம் அந்த ஆதனத்துக்கு ஓர் ஆண்டுப் பெறுமதியை நிர்ணயிக்கிறது. அதில் ஒரு விகிதத்தைச் சபை வரியாக அறவிடுகிறது. உதாரணமாக, ஒரு வீட்டின் ஆண்டுப் பெறுமதி 60,000 ரூபா என்றும் வரி விகிதம் நூற்றுக்கு 10 என்றும் வைத்துக்கொண்டால் ஆண்டு வரி 6,000 ரூபா. காலாண்டுக்கு 1,500 ரூபா. முழு ஆண்டுக்குரியதையும் ஜனவரி 31ஆம் திகதிக்கு முன் செலுத்துபவருக்கு நூற்றுக்கு 10 கழிவு உண்டு, அதாவது 600 ரூபா மிச்சம். காலாண்டின் முதல் மாதத்துக்குள் செலுத்துபவருக்கு நூற்றுக்கு 5 கழிவு. மதிப்பீடு பழையதாக இருந்தால், பக்கத்துக் காணியில் மூன்று மாடிக் கடைத்தொகுதி எழுந்த பின்னரும் சபைக்குக் கிடைப்பது ஓட்டு வீடு இருந்த காலத்து வரிதான். மதிப்பீட்டைப் புதுப்பிக்கச் சபைகள் தயங்குகின்றன, ஏனெனில் அதன் விளைவு அடுத்த தேர்தலில் தெரியும் என்று உறுப்பினர்கள் அஞ்சுகிறார்கள்.

வரியைத் தவிர, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் கடைகளின் வாடகை, கட்டட வரைபட அனுமதிக் கட்டணம், விளம்பரப் பலகைக் கட்டணம் ஆகியவை சபையின் சொந்த வருமானம். சபை எல்லைக்குள் காணி கைமாறும்போது அறவிடப்படும் முத்திரைத் தீர்வையும், நீதவான் நீதிமன்றம் விதிக்கும் தண்டப்பணமும் சபைக்கு உரியவை என்றாலும் அவை மாகாண சபை வழியாகச் சுற்றிவருவதால் கைக்கு எட்டத் தாமதமாகும். நிரந்தர ஊழியர்களின் சம்பளத்தில் பெரும்பகுதி மாகாணத்தினூடாக மீளளிக்கப்படுகிறது. இந்த ஏற்பாடு இல்லையென்றால் கிழக்கில் பல சபைகள் கதவைப் பூட்ட நேரிடும்.

வரவு செலவுத் திட்டப் புத்தகம் கையில் கிடைக்கும்போது பெரும்பாலானோர் செலவுப் பக்கத்தையே தேடிப் பார்க்கிறார்கள். நான் வருமானப் பக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். அங்கே "நிலுவை" என்றொரு பதிவு இருக்கும். கடந்த ஆண்டுகளில் செலுத்தப்படாத வரியில் இவ்வளவு தொகை வரும் ஆண்டில் சேரும் என்ற எதிர்பார்ப்பு அது. அதற்குப் பக்கத்திலேயே சென்ற ஆண்டு மெய்யாகச் சேர்ந்த தொகையும் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தால், அந்தத் திட்டத்தில் உள்ள வேலைகளில் ஒரு பகுதி நடக்காது என்று ஜனவரியிலேயே சொல்லிவிடலாம். வரவும் செலவும் தாளில் சமப்பட வேண்டும் என்பதற்காக நிலுவையைக் கூட்டிக் காட்டுவது ஒரு பழைய வழக்கம். ஆண்டின் நடுப்பகுதியில் எதிர்பார்த்த பணம் வந்திராது. சம்பளத்தையும் மின் கட்டணத்தையும் நிறுத்த முடியாது. ஆகவே வெட்டு விழுவது வடிகானிலும் மதகிலும் பராமரிப்பிலும்தான். அந்தக் குறையை நிரப்பத்தான் வெளியார் நிதி தேடப்படுகிறது. உலக வங்கியின் உதவியுடன் வடக்கு, கிழக்கில் நடைபெற்ற, மக்கள் சுருக்கமாக "நெல்சிப்" என்று அழைத்த உள்ளூர்ச் சேவைகள் மேம்பாட்டுத் திட்டம் போன்றவை கட்டடத்தையும் வீதியையும் தந்தன. அவற்றைத் துப்புரவாக வைத்திருக்கவும், வர்ணம் பூசவும், ஓடு மாற்றவும், காவலாளிக்குச் சம்பளம் கொடுக்கவும் சபையின் சொந்தப் பணம் வேண்டும்.

குடிநீர், வீதி விளக்கு, பெரிய வீதி, வடிகான் – எது யாருடைய பொறுப்பு?
– இல்லத்தரசி, நாவற்குடா

குழாய்நீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையினுடையது. மின்சாரத்தை வழங்குவது வேறு நிறுவனம் என்றாலும் வீதி விளக்கைப் பொருத்துவதும் திருத்துவதும் உள்ளூராட்சி மன்றத்தின் வேலை. தங்கள் பகுதியை ஊடறுத்துச் செல்லும் கல்முனை வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது; அதற்கு அடுத்த தரத்திலுள்ள சில வீதிகள் மாகாணத்தின் பொறுப்பில் உள்ளன; உள்வீதிகளும் ஒழுங்கைகளும் அவற்றின் வடிகான்களும் சபையினுடையவை. பெரிய வீதியின் வடிகானும் ஒழுங்கையின் வடிகானும் சந்திக்கும் இடத்தில் அடைப்பு ஏற்பட்டால் இரு பக்கத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்ட பிறகுதான் மாரியில் வீட்டுக்குள் வெள்ளம் வருகிறது. வேலை திட்டப்படியே நடந்தது என்கிறார்கள். அப்படியானால் திட்டம் என்பது என்ன?
– வாசகி (ஊரும் சபையும் குறிப்பிடப்பட வேண்டாம் என்று கேட்டுள்ளார்)

இந்தக் கடிதத்தோடு வந்த விபரம் முக்கியமானது. பழைய கிரவல் வீதியின் மேலேயே கொங்கிறீற் இடப்பட்டதால் வீதி இப்போது முற்றத்தைவிட ஒரு சாணுக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. ஒரு பக்கத்தில் கட்டப்பட்ட வடிகான் எட்டு வீடுகளைக் கடந்து ஒரு தென்னங்காணியின் வேலியோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் நீர் போக வழியில்லை. முன்பு மணலில் ஊறிய நீரும் காணிக் குறுக்கே ஓடிய நீரும் இப்போது வடிகானில் சேர்ந்து, வேலியில் முட்டி, திரும்பி வருகிறது. ஒதுக்கப்பட்ட தொகை அந்த நீளத்துக்குத்தான் போதுமாக இருந்தது என்பதால் வேலை அங்கே நின்றிருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் அது முழுமையாக நிறைவேறிய வேலை.

இதற்குக் காரணம் ஒப்பந்தக்காரரின் திறமையின்மை என்று நான் கருதவில்லை. பணத்தைப் பங்கிடும் முறைதான் காரணம். மூலதன வேலைக்குக் கிடைக்கும் தொகையை வட்டாரங்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் உறுப்பினர்களிடையே பிணக்கு வராது. சபைக் கூட்டம் சுமுகமாக முடியும். ஆனால் மழைநீர் வட்டார எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. மேல் வட்டாரத்துக்கு வந்த பணத்தில் அங்கே வடிகான் கட்டப்பட்டால் அதன் நீர் கீழ் வட்டாரத்துக்கு வரும். கீழ் வட்டாரத்துக்கு வந்த பணமோ விளையாட்டு மைதானத்துக்கு வேலி அடிக்கப் போயிருக்கலாம். இரு உறுப்பினர்களும் தமது மக்களுக்கு வேலை செய்தவர்களே. வெள்ளம் மட்டும் எங்கும் போகவில்லை.

கிழக்குக் கரையில் இது தீவிரமாக உணரப்படுவதற்கு நிலத்தின் அமைப்பே காரணம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் தாழ்ந்த மணல் நிலம். வடகீழ்ப் பருவமழை நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டும்போது வாவியின் நீர்மட்டம் உயர்ந்துவிடுகிறது. உயர்ந்த வாவிக்குள் நகரத்தின் வடிகான்கள் நீரைத் தள்ள முடியாது. அப்போது முகத்துவாரத்தில் மணல் மேட்டை வெட்டிக் கடலுக்கு வழிவிட வேண்டியிருக்கிறது. அது மாநகர சபை தனியாக எடுக்கக்கூடிய முடிவல்ல. மாவட்டச் செயலகம், நீர்ப்பாசனத் துறை, மீனவர்கள் என்று பலரும் சம்பந்தப்பட்டது. வாவியில் இறால் பிடிப்பவர் ஒரு நாளில் வெட்டச் சொல்வார், வீட்டுக்குள் நீர் ஏறியவர் அதற்கு முந்தைய நாளே வெட்டச் சொல்வார். 2011ஆம் ஆண்டு ஜனவரியில் மட்டக்களப்பும் அம்பாறையும் நீரில் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இதன் கனதி தெரியும்.

ஆகவே வடிகான் திட்டம் வெளியேறும் வாயிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும். முதலாம் ஆண்டில் வாவியோரத்து மதகு, இரண்டாம் ஆண்டில் அதற்கு மேலுள்ள பிரதான கான், மூன்றாம் ஆண்டில் ஒழுங்கைகள் என்ற ஒழுங்கில் நடந்தால் முதலாம் ஆண்டில் பாராட்டு விழா நடத்த எதுவும் இருக்காது. மூன்றாம் ஆண்டில் வீட்டுக்குள் நீர் வராது. இதற்கு முழு நகரத்துக்குமான ஒரு மட்ட அளவை வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு சிறிய கொங்கிறீற் வீதியின் செலவைவிடப் பெரிதாக இராது.

தாங்கள் இப்போது செய்யக்கூடியது, வேலி வரை முடிந்த வடிகானின் மீதித் தூரத்தை, அது அடுத்த வட்டாரத்துக்குள் சென்றாலும், ஒரே வேலையாகக் காட்டி இரு வட்டார உறுப்பினர்களின் கையொப்பத்தோடும் விண்ணப்பிப்பதுதான். தென்னங்காணி உரிமையாளரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். அது இல்லாமல் பணம் ஒதுக்கப்பட்டால் ஆண்டு முடிவில் திரும்பிப் போய்விடும்.

வரவு செலவுத் திட்டம் சபையில் தோற்றுவிட்டால் என்ன நடக்கும்?
– சட்டக் கல்வி பயிலும் மாணவி, கல்முனை

முதல் தடவை தோற்றால் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க இடமுண்டு. யாழ்ப்பாண மாநகர சபையில் 2020 டிசெம்பரில் இரண்டாவது தடவையும் தோற்றபோது அப்போதைய முதல்வர் பதவியை இழந்தார். அம்மாத இறுதியிலேயே வேறொருவர் தெரிவானார். தனிக் கட்சிக்குப் பெரும்பான்மை கிடைப்பதை அரிதாக்கிய கலப்புத் தேர்தல் முறை 2018இல் நடைமுறைக்கு வந்த பின், வரவு செலவுத் திட்டத்தின் மீதான வாக்கெடுப்பு பல சபைகளில் முதல்வர் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பாகவே மாறிவிட்டது. பணத்தைப் பற்றிய விவாதம் அதில் பின்தள்ளப்படுவது எனக்கு உவப்பானதல்ல.

அடுத்த பத்து, இருபது ஆண்டுகளுக்கென்று ஒரு நகரத் திட்டம் உண்டா? அல்லது ஆண்டுக்கு ஆண்டு சமாளிப்பதுதானா?
– பல்கலைக்கழக மாணவர், வந்தாறுமூலை

இரண்டும் உண்டு, ஆனால் அவற்றுக்கிடையே தொடர்பு மெலிந்தது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த நகர அபிவிருத்தி அதிகார சபை, தனது ஆளுகைக்குட்பட்டதாகப் பிரகடனம் செய்யப்பட்ட பகுதிகளுக்கு நீண்டகால அபிவிருத்தித் திட்டங்களைத் தயாரிக்கிறது. எங்கே குடியிருப்பு, எங்கே வர்த்தகம், எந்தச் சதுப்பு நிலத்தைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அதில் வரும். சபையோ தனது பதவிக்காலமான நான்கு ஆண்டுகளை மனதில் வைத்து ஒரு நடுத்தரத் திட்டத்தையும், அதற்குள் ஆண்டுத் திட்டத்தையும் வகுக்கிறது. வரைபடத்தைத் தயாரிப்பது ஓர் அமைப்பு, பணத்தைத் தேடுவது இன்னோர் அமைப்பு என்பதால் நீண்டகாலத் திட்டத்தின் பக்கங்கள் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் வந்து சேர்வதில்லை.

இதற்கிடையில் மன்றங்களே இல்லாத காலமும் வந்தது. 2018இல் தெரிவானவர்களின் பதவிக்காலம் ஓராண்டு நீடிக்கப்பட்டு 2023 மார்ச் 19ஆம் திகதியோடு முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் ஆணையாளர்களும் செயலாளர்களுமே நிர்வாகத்தை நடத்தினார்கள். அன்றாட வேலை நின்றுவிடவில்லை என்பதற்காக அவர்களைப் பாராட்டலாம். ஆனால் எதிர்காலத்தைப் பற்றிய கடினமான முடிவுகளை, குறிப்பாக வரி மதிப்பீட்டையும் குப்பைக்கான இடத்தையும் பற்றியவற்றை, மக்களின் ஆணை பெறாத ஓர் அதிகாரி எடுக்க விரும்பமாட்டார், எடுக்கவும் கூடாது.

குப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பெருந்துறையில் குவிந்த குப்பையும் அங்கு மூண்ட தீயும் அயலவர்கள் பட்ட அவதியும் நகரத்தவருக்கு நினைவிருக்கும். ஒரு கழிவு முகாமை நிலையத்துக்கு இடம் தேடி, சுற்றாடல் அனுமதி பெற்று, அயலவரின் இணக்கத்தைப் பெற்று, கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் செல்லும். இடம் நகரத்திலிருந்து தூரமாக அமைந்தால் லொறிக்கு ஒவ்வொரு நாளும் கூடுதல் டீசல் வேண்டும், சாரதிக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு வேண்டும், டயர் விரைவில் தேயும். நிலையம் கட்டும் ஆண்டில் இந்தச் செலவு எதுவும் கணக்கில் தெரியாது. மறு ஆண்டிலிருந்து நிலையம் இயங்கும் காலம் முழுவதும் தெரியும். ஒரு திட்டம் சபைக்கு வரும்போது "கட்ட எவ்வளவு?" என்று கேட்கும் உறுப்பினர்கள் நிறையப் பேர், "நடத்த ஆண்டுக்கு எவ்வளவு, அது எந்த ஒதுக்கீட்டுத் தலைப்பிலிருந்து வரும்?" என்று கேட்பவர் யாராவது இருந்தால் அவருக்கே என் வாக்கு.

1978 நவம்பர் சூறாவளியையும் 2004 டிசெம்பர் 26ஆம் திகதிச் சுனாமியையும் கண்ட கரை இது. நாவலடியும் டச்பாரும் கல்லடியும் பட்டதை நினைத்தால், அனர்த்த ஆயத்தத்துக்கென ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தனியான, வேறு வேலைக்கு மாற்ற முடியாத ஒரு தலைப்பு இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நகரத்தின் இருபது ஆண்டுத் திட்டத்தில் எந்தப் பக்கம் விடுபட்டாலும் இந்தப் பக்கம் விடுபடலாகாது.

பிரதேச சபையின் கணக்கை ஒரு சாதாரண குடிமகன் பார்க்க முடியுமா? கேட்டால் முறைத்துப் பார்ப்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.
– இளைஞர், திருக்கோவில்

பார்க்க முடியும், தம்பி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது முதல், பிரதேச சபை உட்பட எல்லா உள்ளூராட்சி மன்றங்களும் ஒரு தகவல் அலுவலரை நியமித்திருக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேட்காதீர்கள். "கடந்த ஐந்து ஆண்டுக் கணக்கு முழுவதையும் தருக" என்றால் அலுவலகத்துக்கும் பயனில்லை, உங்களுக்கும் வாசித்து முடியாது. ஒரு குறித்த ஆண்டில் திட்டமிட்ட மூலதன வேலைகளின் பட்டியல், அவற்றில் முடிந்தவை, ஒவ்வொன்றுக்கும் கொடுக்கப்பட்ட தொகை ஆகிய மூன்றையும் கேளுங்கள். கணக்காய்வாளர் நாயகம் உள்ளூராட்சி மன்றங்களின் கணக்கையும் ஆண்டுதோறும் பரிசோதித்து அறிக்கை தருகிறார். அந்த அறிக்கையின் பிரதியையும் கேட்கலாம். சேராத வருமானம், பாவிக்கப்படாமல் கிடக்கும் உழவு இயந்திரம், பூட்டிக் கிடக்கும் கட்டடம் என்று ஊரார் வாய்வழியாகப் பேசுவதெல்லாம் அங்கே பந்தி எண்ணோடு இருக்கும்.

சபையின் மாதாந்தக் கூட்டத்துக்கும் பார்வையாளராகப் போய் உட்காரலாம், பேசத்தான் அனுமதியில்லை. முறைப்பைப் பற்றி யோசிக்க வேண்டாம். இரண்டாவது மாதமும் நீங்கள் போய் உட்கார்ந்தால் தவிசாளரே உங்கள் பெயரைக் கேட்டு விசாரிப்பார்.